பெரிய கோப்பும் சிறிய கட்டமும்



பழைய கணினி ஒன்று உங்கள் பள்ளியிலோ, கோயில் அலுவலகத்திலோ, வீட்டு மேசையிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் வட்டில் நாற்பது ஜிகாபைட் இடம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சேமிக்க விரும்புவதோ மூன்று ஜிகாபைட் அளவுள்ள ஓர் ஒலிப்பதிவு. தாராளமாக இடம் இருக்கிறது. ஆயினும் சேமிப்பு இரண்டு ஜிகாபைட்டைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. மறுபடியும் முயல்கிறீர்கள், அதே இடத்தில் நிற்கிறது. வட்டு பழுதா? இல்லை. கணினி பழுதா? அதுவும் இல்லை. பின் என்னதான் காரணம்?

காரணம் ஓர் எண்ணின் அகலம். அந்த அகலத்தை முடிவு செய்தது, நிரலை எழுதியவர் தம் தொகுப்பிக்குக் கொடுத்த, அல்லது கொடுக்கத் தவறிய, ஒரு வரிக் குறிப்பு. இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தொகுப்பி என்பது கம்பைலர். மனிதர் படிக்கும்படி எழுதிய நிரலை, கணினி ஓட்டும்படியான வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி அது. இந்த அளவு தெரிந்தால் போதும். மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

பேராக்கில் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும், பகலில் பால் நிறுத்ததும் கிராணியின் கையால் அதில் ஏறும். அதில் ஆள் எண்ணை எழுதும் பத்தியில் இரண்டே இரண்டு கட்டங்கள் அச்சடித்திருந்ததாக எண்ணிப் பாருங்கள். 99 வரை எழுதலாம். நூறாவது ஆள் வந்தால்? ஆள் நிற்கிறார். அவருக்கு வெட்ட மரம் இருக்கிறது. லயத்தில் குடியிருக்க வீடும் இருக்கிறது. எழுதத்தான் கட்டம் இல்லை. கிராணி நேர்மையானவராயின், "இந்தப் புத்தகத்தில் இவரை எழுத முடியாது" என்று சொல்லிப் பேனாவை மூடிவைப்பார். அக்கறையற்றவராயின் 100 என்பதில் ஒன்றை விட்டுவிட்டு 00 என்று எழுதிக்கொண்டு போவார். பின்னால் கூலி போடும் நாளில் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ஒரு கோப்பு என்பது வரிசையாக நிற்கும் பைட்டுகள். படிக்கவோ எழுதவோ வேண்டுமாயின், இப்போது எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்பதை நிரல் ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய கட்டங்கள் பழைய கணினிகளில் முப்பத்திரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் சுழியம் அல்லது ஒன்று. இரண்டில் ஒன்றுதான் எழுதலாம். அவற்றிலும் ஒரு கட்டம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடுகிறது. இடத்தைக் குறிக்கும் எண்ணுக்குக் கழித்தல் குறி எதற்கு என்று கேட்பீர்கள். "இங்கிருந்து பத்து பைட் பின்னால் போ" என்று நிரல் கேட்பதுண்டு; அதைக் கழித்தல் பத்து என்றுதான் சொல்ல வேண்டும். தவிரவும், வேலை தவறிப்போனால் கழித்தல் ஒன்று என்று விடை அனுப்புவது யூனிக்ஸ் வகைக் கணினிகளின் வழக்கம். ஆகவே எண்ணுவதற்கு மிஞ்சியவை முப்பத்தொரு கட்டங்கள். அவற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்துச் சொச்சம். இதைத்தான் நாம் இரண்டு ஜிகாபைட் எல்லை என்கிறோம்.

இப்படி ஓர் எல்லையை வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டுக்கு 1966ஆம் ஆண்டில், அன்றைய தேசிய மின்சார வாரியத்துக்கு வந்த ஐபிஎம் 1401 கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகைக் கணினியின் நினைவகம் அதிகம் போனால் பதினாறாயிரம் எழுத்துகளைத்தான் கொள்ளும். யூனிக்ஸ் வளர்ந்தது பிடிபி 11 என்னும் கணினியில். அதில் பயன்பட்ட ஒரு வகை வட்டு, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, ஏறத்தாழ இரண்டரை மெகாபைட் கொள்ளும். இரண்டு ஜிகாபைட்டை நிரப்ப அத்தகைய வட்டுகள் எண்ணூறுக்கும் மேல் தேவை. ஒரே கோப்பு அந்த அளவுக்கு வளரும் என்று அன்று யார் நினைப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில் அந்தக் கட்டங்கள் முப்பத்திரண்டுகூட இல்லை, பதினாறுதான். பதினாறு கட்டத்தில் 65,535க்கு மேல் எழுத முடியாது. அதனால் தொலைவில் உள்ள இடத்துக்குப் போக, 512 பைட் கொண்ட துண்டுகளாக எண்ணிப் போகும் ஒரு சுற்று வழியை வைத்திருந்தார்கள். கோப்பில் இடம் தேடும் கட்டளைக்கு அன்று 'சீக்' என்று பெயர். பிறகு 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அதை முப்பத்திரண்டு கட்டமாக நீட்டினார்கள். நீண்ட எண் என்பதைக் குறிக்க முன்னால் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து 'எல்சீக்' என்று பெயரிட்டார்கள். அந்த 'எல்' இன்றைக்கும் அந்தக் கட்டளையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. பழைய வீட்டுச் சுவரில் பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறையின் இணைப்புக் கோடு தெரிவதுபோல, கணினியின் பெயர்களிலும் அதன் வரலாறு தெரிகிறது.

1990களில் வட்டுகள் வளர்ந்தன. வங்கிகளின் தரவுத்தளங்களும் வளர்ந்தன. முப்பத்தொரு கட்டம் போதாமற் போயிற்று. யூனிக்ஸ் கணினிகளை விற்றுவந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடி, 'பெருங்கோப்பு மாநாடு' என்று பொருள்படும் பெயரில் ஒரு பரிந்துரையை 1996இல் வகுத்தார்கள். அவர்கள் முன் நின்ற சிக்கலைக் கவனியுங்கள். கட்டத்தை அறுபத்து நான்காக நீட்டுவது எளிது. ஆனால் பழைய கட்டத்தை நம்பி எழுதி, ஏற்கெனவே தொகுத்து விற்றுவிட்ட ஆயிரக்கணக்கான நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே இரவில் அளவை மாற்றினால் அவை அத்தனையும் தடுமாறும். ஆகவே அவர்கள் இரண்டு அளவையும் அருகருகே வாழ விட்டார்கள். எந்த அளவு வேண்டும் என்பதை, நிரலைத் தொகுக்கும்போது தொகுப்பியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பழைய அளவே கிடைக்கும்.

அதுதான் நான் முதலில் குறிப்பிட்ட ஒரு வரி. லினக்ஸிலும் சோலாரிஸிலும் அதன் பெயர் 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்'. மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோடு இட்டு, முதலிலும் ஓர் அடிக்கோடு இட்டு எழுதி, அதற்கு 64 என்னும் மதிப்பைத் தர வேண்டும். ஜிசிசி போன்ற சி மொழித் தொகுப்பிக்குக் கொடுக்கும் கட்டளையில் இதன் முன்னால் ஒரு சிறு கோடும் பெரிய 'டி' எழுத்தும் வரும். ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ் முறையில் இதற்கு வேறு பெயர்: 'லார்ஜ் ஃபைல்ஸ்'. லினக்ஸில் இந்த வசதி கருவளவில் முழுமையாகப் பரவியது 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4ஆம் பதிப்பு முதல். அறுபத்து நான்கு பிட் லினக்ஸ் கணினிகளில் இந்த வரி தேவையே இல்லை. அங்கே கட்டம் இயல்பிலேயே அகலம். தொல்லை எல்லாம் முப்பத்திரண்டு பிட் கணினிகளோடுதான்.

செக்ரோல் உவமையிலேயே சொல்வதானால், தொகுப்பி என்பது அச்சகம். நிரலர் எழுதித் தந்த படிவத்தை அது அச்சடித்துக் கோடு போட்டுப் புத்தகமாக்கித் தருகிறது. "எண் பத்தியை அகலமாகப் போடு" என்று அச்சகத்துக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுத்தான் அந்த வரி. படிவத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. சீட்டு மட்டும் புதிது.

இவ்வளவுதானா என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு நிரல் பெரும்பாலும் தனி ஆள் அல்ல. பலர் எழுதிய துணை நிரல்களின் கூட்டம். தோட்ட அலுவலகத்தில் ஒரு புத்தகம், பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு புத்தகம் என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலுவலகப் புத்தகத்தை மட்டும் புதிய சீட்டுக் கொடுத்து அகலமாக அச்சடித்து வாங்கிவிட்டார்கள். கொட்டகையில் பழைய புத்தகமே இருக்கிறது. கொட்டகைக் கிராணி பக்கத்தின் இடப்புறத்திலிருந்து ஐந்தாவது கட்டம் பாலின் எடை என்று பழகியவர். புதிய புத்தகத்தில் ஐந்தாவது கட்டத்தில் நிற்பதோ ஆள் எண்ணின் கடைசி இலக்கம். அவர் அதையே எடை என்று படித்துக் கணக்குப் போடுவார். யாரும் கூச்சலிட மாட்டார்கள். கணக்கு மட்டும் தவறாக வரும். கணினியிலும் இதே கதைதான். பாதித் துணை நிரல்களைப் புதிய குறிப்போடும், மீதியைப் பழையபடியும் தொகுத்து ஒன்றாகக் கட்டினால், கோப்பைப் பற்றிய விவரங்கள் ஒரு பக்கம் ஓர் அளவிலும் மறு பக்கம் வேறோர் அளவிலும் படிக்கப்படும். அதனால், எல்லாவற்றையும் ஒரே குறிப்போடு தொகுக்க வேண்டும். அந்த வரியை, தலைப்புக் கோப்புகள் எவையும் உள்ளே வருவதற்கு முன்னரே கொடுத்துவிடவும் வேண்டும். நடுவில் கொடுத்தால் ஒரே புத்தகத்திலேயே முன் பாதி ஒரு கோடு, பின் பாதி ஒரு கோடு என்றாகிவிடும்.

நிரலை எழுதியவரின் பழக்கமும் குறுக்கே வரும். இடத்தைக் குறிக்கத் தனியே வகுத்துள்ள எண் வகையை விட்டுவிட்டு, கைக்கு வந்த சாதாரண எண் வகையில் அவர் எழுதி வைத்திருந்தால், சீட்டு எத்தனை முறை அனுப்பினாலும் அந்தப் பத்தி அகலமாகாது. இத்தகைய நிரலைத் திறந்து வரிவரியாகத் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. குறிப்பு வேலையை எளிதாக்கும். ஒழுங்காக எழுதாத நிரலை அது ஒழுங்காக்காது.

1996இல் கூடியவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். பழைய அளவில் தொகுத்த நிரல் ஒன்று, இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டிய கோப்பைத் திறக்க முயன்றால், முறைமை அதற்கு இடம் கொடாது. "வரையறுத்த வகைக்கு இந்த மதிப்பு மிகப் பெரிது" என்னும் பொருளில் ஒரு பிழைச் செய்தி தந்து திருப்பி அனுப்பிவிடும். நான் சொன்ன இரு கிராணிகளில் இது முதலாமவர் வழி. சிறிய கட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே ஆண்டிலேயே சான்று கிடைத்தது. 1996 ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில் புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் சிதறியது. அகன்ற எண் ஒன்றைப் பதினாறு கட்டத்துக்குள் திணிக்க முயன்றதே அதன் தொடக்கக் காரணம். அது கோப்பைப் பற்றிய செய்தி அன்று என்றாலும், சிறிய கட்டத்தைப் பற்றிய செய்திதான்.

ராக்கெட் நமக்குத் தொலைவு. அருகில் உள்ளதற்கு வருவோம். நம் மாநிலத்தில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன; பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின; லயங்கள் இடிந்தன; மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் என்று பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் சான்று, பெரும்பாலும் முதியவர்களின் வாய்மொழிதான். அதைப் பதிவு செய்ய முன்வருபவர்களிடம் இருப்பவையோ யாராவது கொடுத்த பழைய கணினிகள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவுக்கு வடக்கே ஒரு மண்டபத்தில், ஒரே தோட்டத்திலிருந்து பெயர்ந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். ஏற்பாட்டாளர்கள் காலை முதல் மாலை வரை நடந்ததைப் பழைய கணினியில் ஒரே தொடர்ச்சியாக ஒலிப்பதிவு செய்தார்கள். நான் எங்கள் பள்ளியின் கணினிக் கூடத்தைக் கவனிப்பவன் என்பதால், சில வாரங்கள் கழித்து ஓர் இளைஞர் அந்தக் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். "சார், பாட்டி மத்தியானத்துக்கு அப்புறம்தான் பாடுனாங்க. பால்மரக் காட்டுப் பாட்டு, தாலாட்டு எல்லாம். இதுல அது எங்க இருக்குன்னு தெரியல" என்றார். கோப்பின் அளவைப் பார்த்தேன்: 2,147,483,647 பைட். அந்த எண்ணைக் கண்டதுமே, பாட்டியின் பாட்டு அதில் இருக்காது என்று தெரிந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். இசைத்தட்டுத் தரத்தில் இரு வழி ஒலியைப் பதிவு செய்தால், விநாடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். அவை இரண்டு வழிகள். ஆக விநாடிக்கு 176,400 பைட். அந்த வேகத்தில் மூன்று மணி 22 நிமிடம் 54 விநாடியில் இரண்டு ஜிகாபைட் முடிந்துவிடும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய பதிவு, பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னால், எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, ஓசையில்லாமல் நின்றுபோயிருக்கிறது. திரையை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. பாட்டியை மறுபடி பாடச் சொல்லிப் பதியலாமே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்கு முன், அவர் காலமாகி ஒரு வாரம் ஆயிற்று என்று அந்த இளைஞரே சொன்னார்.

பதிவு செய்த நிரலின் மூலம் இணையத்தில் கிடைத்தது. எடுத்துப் புதிய குறிப்போடு தொகுத்து, அதே கணினியில் ஓட்டினேன். நான்கு மணி நேரப் பதிவு நிற்காமல் முடிந்தது. வட்டு அதேதான், கணினியும் அதேதான். அறுபத்து நான்கு பிட் அளவில் எல்லை எவ்வளவு என்று கேட்டால், அதே ஒலித் தரத்தில் 16 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் பதியலாம் என்பது கணக்கு.

ஆனால் நிரலின் கட்டம் அகன்றுவிட்டால் மட்டும் போதாது. வேவ் என்னும் ஒலிக்கோப்பு வகையின் முகப்பில், கோப்பின் அளவை எழுத முப்பத்திரண்டு கட்டங்களே உள்ளன. குறி இல்லாமல் எழுதுவதால் அது நான்கு ஜிகாபைட் வரை தாங்கும். அதற்கு மேல் வேறு வகைக் கோப்பு வேண்டும். நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் பென்டிரைவ்கள் பலவும் ஃபேட் 32 என்னும் முறையில் அமைந்தவை. அவற்றில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. பென்டிரைவில் அறுபது ஜிகாபைட் காலியாக இருந்தாலும் தாண்ட முடியாது. ஆகவே நெடும் பதிவுகளை மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் பதியுங்கள். பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றினால், கோப்பின் அளவைப் பைட் கணக்கில் பாருங்கள். 2,147,483,647 என்றோ, அதை ஒட்டியோ இருந்தால், கடைசி நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். அது முடியும் இடம் நாடா முடியும் இடம்தானா என்று பார்க்கும்வரை நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம்.

இதே முப்பத்தொரு கட்டம் வேறோர் இடத்திலும் காத்திருக்கிறது. யூனிக்ஸ் வழிக் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி முதல் நாள் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. அந்த வேளையில் நம் தீபகற்பத்தின் கடிகாரங்கள் காலை ஏழரை காட்டின. எட்டு அல்ல, நம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளிவைத்தது 1982 தொடக்கத்தில்தான், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விநாடிக் கணக்கு 2,147,483,647ஐ எட்டுவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு. அடுத்த விநாடியில், கட்டம் அகலாத கணினிகள், கிரீன்விச் கணக்கில் 1901 டிசம்பர் 13க்குப் போய்விடும்.

இதற்கும் மருந்து தொகுப்பிக்கு அனுப்பும் ஒரு சீட்டுத்தான். லினக்ஸ் கரு 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பில் முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்கும் அகன்ற நேரத்தைத் தந்தது. அதன்மேல் நிற்கும் ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகம் 2021 ஆகஸ்டில் 2.34ஆம் பதிப்பில் 'டைம் பிட்ஸ்' என்னும் குறிப்பை ஏற்றுக்கொண்டது. அதற்கும் 64 என்னும் மதிப்பைத் தர வேண்டும். ஆனால் அந்த நூலகம் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறது: கோப்புக்கான பழைய குறிப்பையும் 64 என்று சேர்த்துக் கொடுத்தால்தான் நேரத்துக்கான புதிய குறிப்பு செல்லும். கோப்புக்கு ஒரு கோடு, நேரத்துக்கு ஒரு கோடு என்று புத்தகத்தை மறுபடியும் இரண்டாக்கிவிடக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

2038 ஜனவரி 19 ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பள்ளி நாளா விடுமுறையா என்று இப்போதே சொல்வதற்கில்லை. கணினிக் கூடத்தில் அன்றைக்கும் பழைய கணினி ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், பதினொன்றே காலுக்கு அதன் கடிகாரத்தைப் போய்ப் பாருங்கள்.